மூலநிரல் பகுப்பாய்வுக் கருவிகள் வழிப் பிழையறிதல்: கருவியின் எச்சரிக்கையும் நிரலரின் தீர்மானமும்

ஆய்வுச்சுருக்கம்

கணினி நிரலை இயக்காமலேயே அதன் மூலநிரலைப் படித்துப் பிழைகளைச் சுட்டும் மென்பொருள்கள் மூலநிரல் பகுப்பாய்வுக் கருவிகள் எனப்படுகின்றன. இக்கருவிகள் செயற்படும் முறையையும் அவற்றிற்குரிய கோட்பாட்டு எல்லையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தொடர்ந்து, 2008, 2014 ஆகிய ஆண்டுகளில் வெளிப்பட்ட மூன்று பாதுகாப்புப் பிழைகளை ஆராய்கிறது. ஒன்றில், கருவி காட்டியிருக்கக்கூடிய எச்சரிக்கை கேட்கப்படாமல் போயிற்று. மற்றொன்றில், கருவி பிழையைக் காணவில்லை. பிறிதொன்றில், எச்சரிக்கையின் காரணத்தை ஆராயாமல் அதற்குப் பணிந்ததே பிழையை உண்டாக்கிற்று. இவற்றின் வழி, கருவியின் எச்சரிக்கை ஆராய்ச்சிக்கான தொடக்கமே அன்றித் தீர்ப்பு அன்று என்பது நிறுவப்படுகிறது. தமிழ் உரையைக் கையாளும் நிரல்களில் கருவிகள் அறிய இயலாத ஒருவகைப் பிழையும் சுட்டிக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மூலநிரல், நிலைப் பகுப்பாய்வு, பொய் எச்சரிக்கை, தரவோட்டம், அருவப் பொருள்கோள், மென்பொருள் பாதுகாப்பு, ஒருங்குறி.

1. முன்னுரை

இன்று நிரல் எழுதுதல் கணினித் துறையினருக்கு மட்டும் உரிய பணியாக இல்லை. புள்ளியியல், இயற்பியல், மொழியியல், பொருளியல் எனப் பல துறைகளின் ஆய்வாளர்களும் தம் தரவுகளைக் கையாளச் சிறிய அளவிலேனும் நிரல் எழுதுகின்றனர். நிரலில் உள்ள பிழை, ஆய்வு முடிவின் பிழையாகவும் ஆகிவிடுகிறது. இயங்கும்போது நின்றுவிடும் நிரல் தன் பிழையைத் தானே அறிவித்துவிடுகிறது. நிற்காமல் ஓடித் தவறான விடையைத் தரும் நிரலே அஞ்சத்தக்கது.

நிரற்பிழைகளைக் காண மூன்று வழிகள் பெருவழக்காக உள்ளன. முதலாவது, நிரலை இயக்கிப் பார்க்கும் சோதனை. இரண்டாவது, நிரலைப் பிறிதொரு நிரலர் படித்துப் பார்த்தல். மூன்றாவது, மூலநிரலைக் கருவியொன்று படித்து ஆராய்தல். சோதனை, நாம் கொடுத்த உள்ளீடுகளுக்கு மட்டுமே விடை சொல்லும். மனிதரின் வாசிப்பு ஆழமானது. ஆயினும் ஆயிரக்கணக்கான வரிகளை ஒரே கவனத்துடன் படித்தல் எவர்க்கும் அரிது. கருவியோ சோர்வின்றி எல்லா வரிகளையும் படிக்கிறது. ஆனால், நிரலர் என்ன செய்ய எண்ணினார் என்பதை அது அறியாது. இந்த வலிமையும் குறையும் ஒருங்கே விளங்கினாலன்றிக் கருவியை முறையாகப் பயன்படுத்த இயலாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

2. கருவிகளின் தோற்றம்

இவ்வகைக் கருவிகளுள் பரவலாக அறியப்பட்ட முதற்கருவி 'லின்ட்' ஆகும். இதனை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்டீபன் ஜான்சன் சி மொழி நிரல்களுக்காக உருவாக்கினார். 1978ஆம் ஆண்டில் அதனை விளக்கும் ஆவணம் வெளிவந்தது. ஆடையில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சிழைத் துணுக்குகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே கருவிக்குப் பெயராயிற்று. சி மொழியின் நிரல்பெயர்ப்பி, நிரலை விரைந்து மாற்றித் தருவதையே கடமையாகக் கொண்டிருந்தது. ஐயத்திற்குரிய பயன்பாடுகளைத் தனியே நின்று சுட்டுவது லின்டின் பணியாக அமைந்தது.

காலப்போக்கில் லின்ட் செய்த பணிகளுட் பல நிரல்பெயர்ப்பியின் எச்சரிக்கைகளாகவே இணைக்கப்பட்டன. மறுபுறம், ஆழ்ந்த ஆய்வை மேற்கொள்ளும் தனிக்கருவிகள் தோன்றின. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்விலிருந்து கிளைத்த கோவெரிட்டி, மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜாவா நிரல்களுக்காக உருவான ஃபைண்ட்பக்ஸ், ஃபேஸ்புக் நிறுவனம் 2015இல் திறமூலமாக வெளியிட்ட இன்ஃபர் ஆகியன குறிப்பிடத்தக்கவை. பைத்தான் மொழிக்குப் பைலின்ட், சி மற்றும் சி++ மொழிகளுக்குக் கிளாங் பகுப்பாய்வி, சிபிபிசெக் போன்றவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

3. கருவி நிரலைப் படிக்கும் முறை

கருவியின் வாசிப்பை மூன்று படிநிலைகளாகப் பகுத்துக் காணலாம்.

3.1 தொடரமைப்பு நிலை

முதலில் கருவி, மூலநிரலின் எழுத்துகளைச் சொற்களுக்கு நிகரான வில்லைகளாகப் பிரிக்கிறது. பின்னர், எது எதனுள் அடங்கும் என்பதைக் காட்டும் தொடரியல் மரமாக அவற்றை அடுக்குகிறது. இந்த நிலையிலேயே பல பிழைகள் தென்படும். ஒப்பிட வேண்டிய இடத்தில் இரு சமக்குறிகளுக்குப் பதிலாக ஒரு சமக்குறி இட்டு மதிப்பை மாற்றிவிடுதல், ஒரே நிபந்தனையை இருமுறை எழுதுதல், அறிவித்த மாறியைப் பயன்படுத்தாமல் விடுதல் போன்றவை இவ்வகையின. இலக்கண நூல் விதியை வைத்துத் தொடரில் ஒருமை பன்மை மயக்கத்தைக் காண்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

3.2 ஓட்ட நிலை

அடுத்து, நிரல் எவ்வெவ்வழிகளில் ஓடக்கூடும் என்பதைக் கருவி வரைபடமாக்குகிறது. ஒவ்வொரு நிபந்தனையிலும் பாதை இரண்டாகக் கிளைக்கும். அப்பாதைகளில் ஒரு மாறியின் மதிப்பு எங்கே பிறந்து எங்கே பயன்படுகிறது என்பதைத் தொடர்வது தரவோட்டப் பகுப்பாய்வு.

ஓர் எளிய சான்றைக் காணலாம். ஒரு வகுப்பின் மதிப்பெண்களைக் கோப்பிலிருந்து படித்துச் சராசரி காணும் நிரல் ஒன்றைக் கொள்வோம். மதிப்பெண்களின் கூட்டுத்தொகையை மாணவர் எண்ணிக்கையால் நிரல் வகுக்கிறது. முப்பது மாணவர் கொண்ட கோப்பைக் கொடுத்துச் சோதித்தால் விடை சரியாகவே வரும். பகுப்பாய்வுக் கருவியோ, கோப்பில் ஒரு வரியும் இல்லாவிட்டால் படிக்கும் மடக்கு ஒருமுறையும் இயங்காது, அவ்வழியில் எண்ணிக்கை சுழியமாகவே வகுத்தலை அடையும் எனக் கண்டு எச்சரிக்கிறது. சோதித்தவர் எண்ணிப் பார்க்காத பாதையையும் தொடர்வதே நிலைப் பகுப்பாய்வின் சிறப்பாகும்.

3.3 பொருள் நிலை

மாறிகள் ஏற்கக்கூடிய மதிப்புகள் எண்ணற்றவை. அவை ஒவ்வொன்றையும் ஆராய்வது இயலாது. எனவே கருவி, மதிப்புகளுக்குப் பதிலாக அவற்றின் பண்பை மட்டும் எடுத்துக்கொண்டு நிரலைக் கணக்கிடுகிறது. இதற்கான கணிதக் கட்டமைப்பை 1977ஆம் ஆண்டு பாட்ரிக் கூஸோ, ராதியா கூஸோ ஆகிய இருவரும் வகுத்தளித்தனர். அதனை 'அருவப் பொருள்கோள்' எனத் தமிழில் வழங்கலாம்.

குறியை மட்டும் கருதும் பகுப்பாய்வு இதற்கு எளிய எடுத்துக்காட்டு. ஒரு மாறி நேர் எண், மற்றொன்று எதிர் எண் என்பது மட்டுமே தெரிந்தாலும் அவற்றின் பெருக்கல் எதிர் எண் என உறுதியாகக் கூறலாம். அவற்றின் கூட்டலோ நேர் எண்ணாகவும் இருக்கலாம், எதிர் எண்ணாகவும் இருக்கலாம், சுழியமாகவும் இருக்கலாம். மெய்யான நிரலில் அவை எப்போதும் 7, -3 என்னும் எண்களாகவே இருந்து கூட்டல் 4 எனவே அமைந்தாலும், குறியை மட்டும் அறிந்த கருவி 'சுழியமாகலாம்' என்றே கொள்ளும். அம்மதிப்பால் வகுக்கும் வரி வந்தால் அது எச்சரிக்கும். இவ்வாறு, இல்லாத பிழையைச் சுட்டுவது பொய் எச்சரிக்கை எனப்படுகிறது. கருவி கவனக்குறைவாக எழுதப்பட்டதால் மட்டும் இது நேர்வதில்லை. முடிவற்ற மதிப்புகளை முடிவுடைய கணக்கில் அடக்குவதற்குக் கொடுக்கும் விலையாகவும் இது அமைகிறது.

4. கோட்பாட்டு எல்லை

கருவியை இன்னும் நுட்பமாக அமைத்தால் இக்குறை முற்றிலும் நீங்கிவிடாதா என்னும் வினா எழலாம். நீங்காது என்பதற்குக் கணிதச் சான்று உள்ளது. எந்த நிரலையும் எந்த உள்ளீட்டையும் கொடுத்தாலும் அந்நிரல் நிற்குமா, நிற்காது ஓடிக்கொண்டே இருக்குமா என்று எப்போதும் சரியாகச் சொல்லும் பொதுமுறை இருக்க இயலாது என்பது ஆலன் டூரிங் 1936இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பெறப்படுவது. நிரலின் செயல் குறித்த அற்பமல்லாத எந்தப் பண்புக்கும் இவ்வியலாமை பொருந்தும் என்பதை ஹென்றி ரைஸ் 1953இல் வெளியிட்ட தேற்றம் காட்டிற்று.

இதன் விளைவு தெளிவானது. ஒரு கருவி எந்த நிரலைக் கொடுத்தாலும் தன் வேலையை முடிக்க வேண்டும். எந்தப் பிழையையும் விடக்கூடாது. பிழையல்லாத எதையும் சுட்டக்கூடாது. இம்மூன்றையும் ஒருங்கே நிறைவேற்றும் கருவி இருக்க இயலாது. ஆகவே, கருவியை அமைப்போர் ஏதேனும் ஒன்றை விட்டுக்கொடுக்கின்றனர். பிழையை விடாத கருவி பொய் எச்சரிக்கைகளை ஏற்கிறது. பொய் எச்சரிக்கையைக் குறைக்கும் கருவி சில பிழைகளை விட்டுவிடுகிறது.

குறிப்பிட்ட ஒருவகை நிரலுக்கென வடிவமைத்தால் மிகச்சிறந்த பயன் பெறலாம் என்பதும் உண்மையே. பாரிசு நகரின் எகோல் நார்மால் சுபீரியரில் உருவான அஸ்திரே என்னும் கருவி அருவப் பொருள்கோளை அடிப்படையாகக் கொண்டது. ஏர்பஸ் ஏ340 வானூர்தியின் முதன்மைப் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில், ஏறத்தாழ 1,32,000 வரிகள் கொண்ட சி நிரலை அது 2003இல் ஆராய்ந்து, அதில் இயக்கநேரப் பிழைகள் இல்லை என்பதை நிறுவிற்று. அம்மென்பொருளின் எழுத்துமுறை கட்டுப்பாடுடையது. கருவியும் அவ்வகை மென்பொருளுக்கென்றே செப்பம் செய்யப்பட்டது. பொதுவாக எழுதப்படும் நிரல்களில் இந்த வாய்ப்பு கிட்டுவதில்லை. அங்கே கருவியின் கூற்றை எடைபோடும் பொறுப்பு மனிதரையே சாரும். அப்பொறுப்பு தவறும்போது நேர்வன யாவை என்பதை அடுத்துவரும் மூன்று நிகழ்வுகள் காட்டுகின்றன.

5. மூன்று நிகழ்வுகள்

5.1 கேட்கப்படாத எச்சரிக்கை

2014 பிப்ரவரி 21 அன்று ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசி இயங்குதளத்திற்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. பாதுகாப்பான இணைய இணைப்பு ஏற்படும்போது, எதிர்முனையில் உள்ள சேவையகம் தான் கூறிக்கொள்ளும் சேவையகமே என்பதை மின்கையொப்பத்தின் வழி உறுதிசெய்யும் செயற்கூற்றில் பிழை இருந்தது.

அச்செயற்கூற்றில் படிப்படியாகப் பல கணக்குகள் நிகழும். ஒவ்வொரு படியிலும் பிழை நேர்ந்தால் இறுதியில் உள்ள 'தோல்வி' என்னும் பகுதிக்குத் தாவுமாறு கட்டளை எழுதப்பட்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும் அத்தாவற்கட்டளை அடுத்தடுத்த இரு வரிகளில் இருமுறை இடம்பெற்றுவிட்டது. முதல் வரி நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாம் வரியோ நிபந்தனை ஏதுமின்றி எப்போதும் நிறைவேறுவது. அதனால், கையொப்பத்தைச் சரிபார்க்கும் இறுதிப் படியை நிரல் என்றும் அடையவில்லை. அதுவரை பிழை ஏதும் நேராமையால் பிழைமாறியின் மதிப்பு சுழியமாக இருந்தது. சுழியம் என்பது வெற்றி எனப் பொருள்படும். சரிபார்க்கப்படாத கையொப்பம் சரியானதாக ஏற்கப்பட்டது. இணைப்பின் இடையே நிற்கும் எவரும் சேவையகமாக நடிப்பதற்கு இது வழிசெய்தது.

இரண்டாம் வரியும் முதல் வரியைப் போலவே உள்தள்ளி எழுதப்பட்டிருந்ததால், கண்ணுக்கு அது நிபந்தனையின் பகுதியாகவே தோன்றிற்று. உள்தள்ளலில் மயங்காத கருவிக்கோ, அதற்குப் பின் உள்ள வரிகள் ஒருபோதும் அடையப்படாதவை என்பது ஓட்ட நிலை ஆய்விலேயே புலப்படும். கிளாங் நிரல்பெயர்ப்பியில் இதற்குரிய எச்சரிக்கை அப்போதே இருந்தது. ஆயினும், 'அனைத்தும்' எனப் பொருள்படும் பெயருடைய எச்சரிக்கைத் தொகுதியில் அது அடங்கவில்லை. தனியே கேட்டுப் பெற வேண்டியிருந்தது. பெயரை நம்பி அத்தொகுதியை மட்டும் வேண்டிய நிரலர்க்கு இவ்வெச்சரிக்கை கிடைத்திராது. 2016இல் வெளிவந்த ஜிசிசி நிரல்பெயர்ப்பியின் 6ஆம் பதிப்பு, மயக்கம் தரும் உள்தள்ளலைச் சுட்டும் எச்சரிக்கையைச் சேர்த்து, அதனை 'அனைத்தும்' தொகுதிக்குள்ளும் வைத்தது.

5.2 காணப்படாத பிழை

அதே ஆண்டு ஏப்ரல் 7 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் திறமூல மறையாக்க நூலகத்தின் பிழையொன்று வெளியிடப்பட்டது. 'ஹார்ட்பிளீட்' என அறியப்பட்ட இப்பிழை, 2012 மார்ச்சில் வெளிவந்த 1.0.1 பதிப்பு முதல் அந்நூலகத்தில் இருந்துவந்தது.

இணைப்பு உயிர்ப்புடன் உள்ளதா என அறிய ஒரு முனை மற்றொரு முனைக்குச் சிறு செய்தி ஒன்றை அனுப்பும். பெற்ற முனை அதனை அப்படியே திருப்பியனுப்ப வேண்டும். செய்தியின் நீளத்தை அனுப்புபவரே குறிப்பிடுவார். குறிப்பிட்ட நீளமும் வந்துசேர்ந்த செய்தியின் நீளமும் ஒன்றா என நிரல் சரிபார்க்கவில்லை. ஒரு பைட்டு மட்டும் அனுப்பி, நீளம் 64 கிலோபைட்டு எனக் குறித்தால், நினைவகத்தில் அச்செய்தியை அடுத்துள்ளவற்றையும் சேர்த்து அந்நீளம் வரை சேவையகம் அனுப்பிவிடும். அவற்றுள் பயனரின் கடவுச்சொற்களும் சேவையகத்தின் மறைத்திறவுகோலும் இருக்கக்கூடும்.

வெளியிலிருந்து வரும் மதிப்பைச் சரிபாராமல் நினைவக அளவாகப் பயன்படுத்தும் பிழை புதியது அன்று. அதனைத் தேடும் மாசுத் தடமறிதல் என்னும் முறையும் கருவிகளில் இருந்தது. வெளியார் தரும் மதிப்பை மாசுற்றதாகக் கொண்டு, அது சரிபார்க்கப்படும் வரை அதன் தடத்தைத் தொடர்வது இம்முறை. ஆயினும் கருவிகள் இப்பிழையைக் காணவில்லை. மதிப்பு வலைப்பின்னலிலிருந்து உள்ளே நுழையும் இடத்திற்கும் பயன்படும் இடத்திற்கும் இடையே பல செயற்கூறுகளும் மறைமுகச் சுட்டுகளும் இருந்தன. அவற்றினூடே தடம் விட்டுப்போயிற்று.

தம் கருவியும் இதனைக் காணாமையை ஒப்புக்கொண்ட கோவெரிட்டி நிறுவனத்தார், அதற்கொரு வழியையும் கண்டனர். வலைப்பின்னலில் எண்கள் குறிப்பிட்ட பைட்டு வரிசையில் வரும். பல கணினிகளில் அவ்வரிசையை மாற்றிய பின்னரே பயன்படுத்த இயலும். ஆகவே, பைட்டு வரிசை மாற்றப்படும் எந்த மதிப்பும் வெளியிலிருந்து வந்ததாகவே இருக்கக்கூடும் எனக் கருவிக்கு அறிவுறுத்தினர். அதன்பின் கருவி ஹார்ட்பிளீட் பிழையைச் சுட்டிற்று. கருவி அறிந்தது அதற்குக் கற்பிக்கப்பட்டதே என்பதும், கற்பிக்கும் அறிவு பெரும்பாலும் ஒரு பிழை நேர்ந்த பின்னரே பிறக்கிறது என்பதும் இதனால் விளங்கும். கருவியின் மௌனத்தைப் பிழையின்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

5.3 ஆராயாது ஏற்ற எச்சரிக்கை

மூன்றாம் நிகழ்வு காலத்தால் முந்தையது. இக்கட்டுரையின் கருத்துக்கு மிக இன்றியமையாதது. இதில் இடம்பெறும் வால்கிரைண்ட், நிரலை இயக்கி ஆராயும் கருவி. மூலநிரலைப் படித்து ஆராய்வது அன்று. ஆயினும், எச்சரிக்கையை எவ்வாறு ஏற்பது என்னும் சிக்கல் இருவகைக் கருவிகளுக்கும் பொதுவானது.

டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டில் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தைப் பயன்படுத்தும் நிரல்களை ஆராய்ந்தபோது, தொடக்க மதிப்பு அளிக்கப்படாத நினைவகம் பயன்படுத்தப்படுவதாக எச்சரிக்கைகள் எழுந்தன. எச்சரிக்கை பொய்யன்று. சமவாய்ப்பு எண்களை ஆக்கும் பகுதி, தனக்குக் கிடைக்கும் பலவகைத் தரவுகளைக் கலந்து ஓர் எண்குவியலை வளர்க்கிறது. அவற்றுள் தொடக்க மதிப்பில்லா நினைவகமும் சில வேளைகளில் சேர்ந்தது. அதனால் தீங்கு ஏதும் இல்லை. இவ்வெச்சரிக்கைகளை நீக்கும் நோக்கில் 2006இல் ஒரே வடிவிலமைந்த இரு வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்றை நீக்கியதால் கேடில்லை. மற்றொன்றோ, எல்லாச் சமவாய்ப்புத் தரவுகளையும் குவியலில் சேர்க்கும் வரியாகும்.

எச்சரிக்கைகள் மறைந்தன. நிரல் முன்போலவே இயங்கிற்று. ஆனால், திறவுகோல் ஆக்கத்தில் எஞ்சிய சமவாய்ப்பு, இயங்கும் செயல்முறைக்கு இயங்குதளம் இடும் வரிசை எண் மட்டுமே. அவ்வெண் ஏற்கக்கூடிய மதிப்புகள் 32,768 தாம். எனவே, ஒரே வகைக் கணினியில் ஒரே வகையிலும் ஒரே நீளத்திலும் உருவாகும் திறவுகோல்கள் இச்சிறு எண்ணிக்கைக்குள் அடங்கிவிட்டன. அவை அனைத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்வது எளிது. 2008 மே 13 அன்று இப்பிழை அறிவிக்கப்பட்டது. டெபியனிலும் அதிலிருந்து கிளைத்த உபுண்டு போன்றவற்றிலும் அக்காலத்தில் உருவான திறவுகோல்களைக் கைவிட்டுப் புதியன ஆக்க வேண்டியதாயிற்று. நூலகத்தைப் புதுப்பித்தால் மட்டும் போதவில்லை. பழைய திறவுகோல் இருந்த இடந்தோறும் அதனைத் தேடி மாற்ற நேர்ந்தது.

இங்குக் கருவி தவறவில்லை. மாற்றம் செய்தவரும் பொறுப்பற்று நடந்தவர் அல்லர். நூலகத்தின் உருவாக்குநர்களிடம் முன்பே வினவியிருந்தார். எச்சரிக்கை ஏன் எழுந்தது, அவ்வரி எதற்காக அங்கே உள்ளது என்னும் இரு வினாக்களுக்கும் முழுமையான விடை காணப்படாமையே குறையாயிற்று.

இதன் சிறு வடிவத்தை ஆய்வக வகுப்புகளிலும் காணலாம். வகுப்பின் மிகக்குறைந்த மதிப்பெண்ணைக் காணும் நிரலில், 'சிறுமம்' என்னும் மாறிக்குத் தொடக்க மதிப்பு இல்லை எனக் கருவி எச்சரிக்கிறது. மாணவர் உடனே அதற்குச் சுழியத்தை இடுகிறார். எச்சரிக்கை மறைகிறது. ஆனால், எந்த மதிப்பெண்ணும் சுழியத்தைவிடக் குறையாது. ஆதலால் நிரல் எப்போதும் சுழியத்தையே விடையாகத் தருகிறது. முதல் மாணவரின் மதிப்பெண்ணைத் தொடக்க மதிப்பாக இடுவதே உரிய திருத்தம். முன்பு கருவி சுட்டிய பிழை, இப்போது கருவிக்கும் புலப்படாத பிழையாகிவிட்டது.

6. எச்சரிக்கை செவியேறும் சூழல்

எச்சரிக்கை சரியானதாக இருப்பினும் அது நிரலரைச் சேரும் நேரமும் இடமும் பயனைத் தீர்மானிக்கின்றன. ஃபேஸ்புக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வலுவான சான்று தருகிறது. இன்ஃபர் கண்ட பிழைகளைப் பட்டியலாகத் தொகுத்து நிரலர்களிடம் ஒப்படைத்தபோது, திருத்தப்பட்டவை ஏறத்தாழ ஏதுமில்லை என்னும் அளவிலேயே இருந்தன. அதே பகுப்பாய்வை, நிரலர் ஒரு மாற்றத்தைச் சமர்ப்பித்து அது மறுபார்வைக்கு வரும் வேளையிலேயே இயக்கி எச்சரித்தபோது, 70 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை திருத்தப்பட்டன. பட்டியலில் வரும் பழைய பிழைக்காக நிரலர் தாம் மறந்த நிரலை மீண்டும் நினைவுக்குக் கொணர வேண்டும். அதற்கு யார் பொறுப்பு என்பதும் தெளிவாயிராது. எழுதும் வேளையில் வரும் எச்சரிக்கைக்கு இவ்விரு தடைகளும் இல்லை.

கூகுள் நிறுவனத்தினர் 2018இல் வெளியிட்ட கட்டுரை மற்றோர் அளவுகோலை முன்வைக்கிறது. எச்சரிக்கை கோட்பாட்டளவில் சரியா என்பதினும், அதனைப் பெற்ற நிரலர் பயனுள்ளதெனக் கொண்டு செயற்பட்டாரா என்பதையே அவர்கள் கருதுகின்றனர். மறுபார்வையில் காட்டப்படும் எச்சரிக்கைகளில் இவ்வகையில் பயனற்றுப் போவன 10 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டும் என்பது அவர்களது வரையறை. பொய் எச்சரிக்கைகள் மிகுந்தால் மெய் எச்சரிக்கையும் படிக்கப்படாமல் போகும் என்பதே இதற்கு அடிப்படை.

7. கருவி அறியாத பிழை: தமிழ் உரையின் சான்று

நிரல் தன்னளவில் முரணின்றி இருந்து, செய்ய வேண்டியதற்கு மாறாகச் செய்தால் பொதுவான பகுப்பாய்வுக் கருவி அதனை அறிய வழியில்லை. தமிழ் உரைகளைக் கணினிவழி ஆராய்வோர் இதனை அடிக்கடி எதிர்கொள்கின்றனர்.

'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று. ஒருங்குறி முறையில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களாகச் சேமிக்கப்படுகிறது. யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகளாகிறது. பைத்தான் மொழியில் சரத்தின் நீளத்தைக் கேட்டால் விடை ஐந்து என்றே வரும். சொற்களின் எழுத்து எண்ணிக்கையைக் கொண்டு யாப்பையோ சொல்லமைப்பையோ ஆராயும் நிரலில் இவ்விடையை அப்படியே பயன்படுத்தினால் முடிவு முழுவதும் பிழைபடும். நிரலில் தொடரமைப்புப் பிழை இல்லை, வகுத்தற்பிழை இல்லை, நினைவகப் பிழையும் இல்லை. ஆதலால் கருவி மௌனமாக இருக்கும்.

மற்றொரு சான்றும் உண்டு. 'கொடி' என்னும் சொல்லின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம்; எகரக் குறி, கால் ஆகிய இரண்டின் சேர்க்கையாகவும் எழுதலாம். இரண்டும் நிகரானவை என ஒருங்குறித் தரம் வரையறுக்கிறது. திரையிலும் ஒன்றாகவே தோன்றும். ஆயினும் இயல்பாக்கம் செய்யாமல் இரு சரங்களையும் ஒப்பிடும் நிரல், அவற்றை வெவ்வேறு சொற்களாகக் கொள்ளும். சொல்லடைவு உருவாக்கும்போது ஒரே சொல் இரண்டு பதிவுகளாகப் பிரிந்துவிடும். 'எழுத்து' என்பதால் ஆய்வாளர் எதைக் கருதுகிறார் என்பது மூலநிரலில் எழுதப்படவில்லை. எழுதப்படாததைக் கருவி படிக்க இயலாது. இத்தகைய இடங்களில் துறையறிவு உடையவர் தேர்ந்தெடுத்த சோதனைச் சொற்களே பிழையைக் காட்டும்.

8. பின்பற்றத்தக்க நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து, நிரல் எழுதும் ஆய்வாளர்க்கும் அதனைக் கற்பிக்கும் பேராசிரியர்க்கும் பயன்படத்தக்க சில நெறிகளை வகுக்கலாம்.

முதலாவதாக, கருவியை நிரலின் தொடக்க நாள் முதலே பயன்படுத்துதல் நன்று. எழுதி முடித்த பெருநிரலின் மீது இயக்கினால் குவியும் எச்சரிக்கைகளைக் கண்டு சோர்வே மிஞ்சும். முன்பே எழுதப்பட்ட நிரலாயின், புதிதாக மாற்றும் பகுதிகளின் எச்சரிக்கைகளிலிருந்து தொடங்கலாம்.

இரண்டாவதாக, எந்தெந்த எச்சரிக்கைகள் இயல்பாக இயங்குகின்றன, எவற்றைத் தனியே கேட்க வேண்டும் என்பதைக் கருவியின் கையேட்டில் பார்த்தறிதல் வேண்டும்.

மூன்றாவதாக, ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் திருத்தம் செய்வதற்கு முன், அது எழுந்த காரணத்தை ஒரு தொடரில் எழுதிப் பார்க்க வேண்டும். காரணத்தை எழுத இயலாவிடில் திருத்தத்தைத் தள்ளிவைப்பதே முறை. பொய் எச்சரிக்கையெனத் தெளிந்தால், அதனை அடக்கும் குறிப்புடன் அடக்கியதற்கான காரணத்தையும் நிரலிலேயே பதிவு செய்தல் பின்வருவோர்க்கு உதவும்.

நான்காவதாக, மதிப்பீட்டில் எச்சரிக்கையற்ற நிரலுக்கு மட்டும் மதிப்பெண் வழங்கினால், எச்சரிக்கையை மறைக்கும் பழக்கமே வளரும். எச்சரிக்கையை மாணவர் எவ்வாறு விளக்கினார் என்பதற்கும் மதிப்பெண் உண்டெனில் ஆராயும் பழக்கம் வளரும்.

9. முடிவுரை

மூலநிரல் பகுப்பாய்வுக் கருவிகள், சோதனை எட்டாத பாதைகளையும் மனிதக் கண் மயங்கும் வரிகளையும் ஆராய வல்லவை. ஆயினும் எல்லாப் பிழைகளையும், பிழைகளை மட்டுமே சுட்டும் பொதுக்கருவி இருக்க இயலாது என்பதைக் கோட்பாடு காட்டுகிறது. ஆப்பிள் நிகழ்வு எச்சரிக்கையைக் கேட்டுப் பெற வேண்டியதன் தேவையையும், ஹார்ட்பிளீட் நிகழ்வு கருவியின் மௌனத்தை நம்புவதன் இடரையும், டெபியன் நிகழ்வு காரணம் அறியாமல் எச்சரிக்கையை நீக்குவதன் இடரையும் உணர்த்துகின்றன. தமிழ் உரைச் சான்று, நிரலரின் கருத்து மூலநிரலில் வெளிப்படாதவிடத்துக் கருவி உதவாது என்பதைத் தெளிவாக்குகிறது.

ஆகவே, கருவி சுட்டிய வரியைத் திருத்துவதற்கு முன் அவ்வரி அங்கே இருப்பதன் காரணத்தை அறிதல் நிரலரின் கடமையாகிறது. அக்கடமையை எந்தக் கருவியிடமும் ஒப்படைக்க இயலாது என்பது இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிபாகும்.